ஆல் த பிரெசிடென்ட்ஸ் மென் (திரைப்படம்)

ஆல் த பிரெசிடென்ட்ஸ் மென் 1976 ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க அரசியல் திரைப்படம் ஆகும். வாட்டர்கேட் ஊழலைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதிய வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் செய்தியாளர்கள் பாப் வுட்வர்ட், கார்ல் பெர்ன்ஸ்டீன் ஆகிய இருவரும் 1974 இல் வெளியிட்ட அதே பெயருடைய நூலைத் தழுவி இது எடுக்கப்பட்டது. ஆலன் ஜே. பக்கூலா இயக்கினார், வில்லியம் கோல்ட்மன் திரைக்கதை எழுதினார். வுட்வர்டாக ராபர்ட் ரெட்ஃபோர்டும் பெர்ன்ஸ்டீனாக டஸ்டின் ஹாஃப்மனும் நடித்தனர். படத்தின் நீளம் 138 நிமிடங்கள்.

தலைப்பைத் தமிழில் "குடியரசுத் தலைவரின் ஆட்கள் அனைவரும்" எனலாம். கீழே விழுந்து உடைந்த முட்டையை அரசனின் ஆட்கள் அனைவரும் கூடியும் ஒட்டவைக்க இயலவில்லை என்று சொல்லும் ஆங்கிலக் குழந்தைப் பாடலை நினைவூட்டும் பெயர் இது.

புலனாய்வு இதழியலைப் பற்றிய படங்களுள் இது முதன்மையானதாகக் கருதப்படுகிறது. இதழியல் மாணவர் பலரும் இன்று இதனைத் திரையரங்கில் அன்றி, வீட்டிலேயே காண்கின்றனர். ஆகவே இப்படம் ஒளிநாடா, டிவிடி, ப்ளூ-ரே ஆகிய வடிவங்களில் எவ்வாறு மாறித் தோன்றுகிறது என்பதும் இங்கு விளக்கப்படுகிறது.

பின்னணி

1972 சூன் 17 அன்று அதிகாலையில், வாஷிங்டன் நகரின் வாட்டர்கேட் கட்டடத் தொகுதியில் இருந்த சனநாயகக் கட்சியின் தேசியக் குழுத் தலைமையகத்துக்குள் புகுந்த ஐவர் கைது செய்யப்பட்டனர். அவர்களிடம் ஒட்டுக்கேட்கும் கருவிகள் இருந்தன. கதவின் பூட்டின் மேல் ஒட்டப்பட்டிருந்த நாடாவைக் கண்டு காவல்துறையை அழைத்தவர் பிராங்க் வில்ஸ் என்ற இரவுக் காவலர். படத்தின் தொடக்கக் காட்சியில் அவர் தம் வேடத்தில் தாமே தோன்றுகிறார்.

அப்பொழுது குடியரசுத் தலைவராக இருந்தவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ரிச்சர்ட் நிக்சன். நிகழ்ச்சி நடந்து ஐந்து மாதங்களுக்குள், 1972 நவம்பர் 7 அன்று, 50 மாநிலங்களில் 49 மாநிலங்களை வென்று அவர் மீண்டும் தெரிவு செய்யப்பட்டார். பெரும்பாலான ஏடுகள் இந்த உடைப்பை ஒரு சில்லறைத் திருட்டாகவே கருதிக் கைவிட்டிருந்தன. நிக்சன் 1974 ஆகத்து 9 அன்று பதவியிலிருந்து விலகினார். அமெரிக்க வரலாற்றில் பதவி விலகிய குடியரசுத் தலைவர் அவர் ஒருவரே.

கதை

வெள்ளைத் தாள் ஒன்று திரையை நிறைத்து நிற்கிறது. ஓசையில்லாத சில நொடிகளுக்குப் பின் தட்டச்சுப் பொறியின் எழுத்து வெடியோசை போல அதன் மேல் விழுகிறது. 1972 சூன் 1 என்ற நாள் பதிவாகிறது. நிக்சனின் உலங்கு வானூர்தி நாடாளுமன்றத்தின் அருகே இறங்குகிறது. அடுத்த காட்சியிலேயே இருட்டில் கதவு திறக்கப்படுகிறது.

பணியில் சேர்ந்து ஓராண்டும் ஆகாத வுட்வர்ட், பிடிபட்டவர்கள் நிறுத்தப்பட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகிறார். அவர்களுள் ஒருவர் தாம் நடுவண் உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்று நீதிபதியிடம் தாழ்ந்த குரலில் கூறுவது அவர் காதில் விழுகிறது. பெர்ன்ஸ்டீன் அதே செய்தியை வேறு முனையிலிருந்து தொடங்குகிறார். ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்காமலேயே திருத்தி எழுதுவதில் தொடங்கும் உறவு, மெல்ல இருவர் பெயரும் இணைந்து அச்சாகும் கூட்டாக மாறுகிறது.

இதன் பின் படம் முழுவதும் வேலைதான். தொலைபேசி எண்களைத் தேடுதல், பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்துதல், இரவில் கதவுகளைத் தட்டுதல், கதவு முகத்தில் அறையப்படுதல். நாடாளுமன்ற நூலகத்தில் வெள்ளை மாளிகை இரவல் பெற்ற நூல்களின் சீட்டுகளை இருவரும் அமர்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டுகின்றனர். ஒளிப்படக்கருவி அவர்கள் தலைக்கு மேலே உயர்ந்து கொண்டே போய், வட்ட மண்டபத்தின் நடுவே இரு புள்ளிகளாக அவர்களைக் காட்டுகிறது. அத்தனை சீட்டுகளிலும் அவர்கள் தேடியது கிடைப்பதில்லை.

திருப்பம் ஒரு காசோலையில் வருகிறது. நிக்சனின் தேர்தல் பரப்புரைக்கு நிதி திரட்டிய ஒருவரின் பெயரிலான 25,000 டாலர் காசோலை, கைதானவர்களுள் ஒருவரின் மயாமி வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டிருந்தது. தேர்தல் நிதி, திருடர்களின் கணக்குக்கு எவ்வாறு போனது? இந்தக் கேள்வியே மீதிப் படத்தை நகர்த்துகிறது. வாகன நிறுத்தகம் ஒன்றின் இருளில் வுட்வர்டைச் சந்திக்கும், "டீப் த்ரோட்" எனச் செய்தி அறையில் பெயரிடப்பட்ட மறைவான தகவலாளரும் பணம் போன வழியைப் பின்பற்றச் சொல்கிறார். பிற்காலத்தில் பழமொழி போல வழங்கும் அந்த அறிவுரை நூலில் இல்லை, திரைக்கதைக்காக எழுதப்பட்டது.

நூலின் பின்பாதியைப் படம் தொடுவதே இல்லை. வெள்ளை மாளிகையின் பணியாளர் தலைவர் ஹால்டிமன் இரகசிய நிதியைக் கட்டுப்படுத்தியவர்களுள் ஒருவர் என்று எழுதிய செய்தியில் இருவரும் சறுக்குவதோடு படம் முடிவை நெருங்குகிறது. இது உண்மையில் நடந்தது. ஹால்டிமனுக்கு அந்த நிதியோடு தொடர்பு இருந்தது. ஆனால் அதனைப் பெருங்குழு விசாரணையில் சாட்சி ஒருவர் கூறினார் என்று எழுதியது தவறு. அவரிடம் அக்கேள்வி கேட்கப்படவே இல்லை. செய்தியை உறுதிப்படுத்த அவர்கள் கையாண்ட ஒரு முறை, பத்து எண்ணி முடிப்பதற்குள் மறுமுனையில் இருப்பவர் தொலைபேசியை வைக்காவிட்டால் செய்தி சரி என்று கொள்வது. மௌனத்தைச் சான்றாக எடுத்துக்கொண்டதன் விலையை அவர்கள் கொடுத்தனர். இதழியல் வகுப்புகளில் காட்டத் தகுந்த காட்சிகளுள் இதற்கு ஈடானது வேறில்லை எனலாம்.

இறுதிக் காட்சியில், முன்புறம் உள்ள தொலைக்காட்சிப் பெட்டியில் 1973 சனவரி 20 அன்று நிக்சன் இரண்டாம் முறை பதவியேற்கிறார், பீரங்கிகள் முழங்குகின்றன. பின்புறம், பெரிய அறையின் தொலைவில், இருவரும் தட்டச்சு செய்துகொண்டிருக்கின்றனர். பின் செய்தி அச்சுப்பொறி ஒன்று, அடுத்த ஒன்றரை ஆண்டில் நிகழ்ந்த வழக்குகளையும் தண்டனைகளையும் நிக்சனின் பதவி விலகலையும் தலைப்புகளாக அடித்துச் செல்கிறது.

உருவாக்கம்

படத்தை முன்னெடுத்தவர் ரெட்ஃபோர்டே. ஊழல் முழுதாக வெளிப்படும் முன்பே அவர் இரு செய்தியாளர்களையும் தொடர்பு கொண்டிருந்தார். வெளிப்பட்ட ஊழலைக் காட்டிலும், குணத்தால் முற்றும் வேறுபட்ட இருவர் சேர்ந்து வேலை செய்த விதமே அவரை ஈர்த்தது. நூலின் அமைப்பிலும் இந்த ஆர்வத்தின் தாக்கம் உண்டு.

திரைக்கதை அமைதியாகப் பிறக்கவில்லை. கோல்ட்மன் எழுதியதில் நிறைவு கொள்ளாத பெர்ன்ஸ்டீன், தம் தோழியும் எழுத்தாளருமான நோரா எஃப்ரானுடன் சேர்ந்து வேறொரு வரைவை எழுதினார். அது ஏற்கப்படவில்லை. எனினும் மயாமி அலுவலகம் ஒன்றில் செயலாளரைப் பெர்ன்ஸ்டீன் ஏமாற்றி உள்ளே நுழையும் காட்சி அவ்வரைவிலிருந்து வந்ததே. அது கற்பனை என்று கோல்ட்மன் பின்னர் எழுதினார்.

போஸ்ட் இதழின் உண்மையான செய்தி அறையில் படப்பிடிப்பு நடைபெறவில்லை. கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் உள்ள படப்பிடிப்பு நிலையத்தில் அவ்வறை அளவு பிசகாமல் கட்டப்பட்டது. இதற்கு ஏறத்தாழ 4,50,000 டாலர் செலவாயிற்று. போஸ்டுக்கு மேசைகள் விற்ற அதே நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 200 மேசைகள் வாங்கப்பட்டன. உண்மையான அலுவலகத்தின் குப்பைத்தாள்கள்கூடப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அனுப்பி வைக்கப்பட்டன. கேட்பதற்கு வேடிக்கையாக இருப்பினும் பயனற்ற செலவு அன்று: போஸ்ட் 2015 இல் அந்தக் கட்டடத்தை விட்டு வேறிடம் சென்றது, பழைய கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. அவ்வறையின் தோற்றத்தை இன்று உணர விரும்புவோர்க்கு இப்படமே எளிய வழி.

ஒளிப்பதிவும் ஒலியும்

ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் இருளைத் துணிந்து கையாள்பவர் எனப் பெயர் பெற்றவர். பக்கூலாவுடன் முன்னர் குளூட் (1971), த பாரலாக்ஸ் வியூ (1974) ஆகிய படங்களிலும் அவர் பணியாற்றினார். இப்படத்தில் அவர் இரு வகை வெளிச்சங்களை எதிரெதிரே வைக்கிறார். செய்தி அறை குழல் விளக்குகளின் கீழ் நிழலே விழாதபடி வெளுத்திருக்கிறது. அங்கு எதையும் மறைக்க முடியாது. வெளியுலகம், குறிப்பாக வாகன நிறுத்தகம், முகம் தெரியாத இருட்டு.

செய்தி அறைக் காட்சிகளில் இன்னொரு நுட்பம் பயன்பட்டுள்ளது. ஒளிப்படக்கருவியின் வில்லை பொதுவாக ஒரு தொலைவில் உள்ள பொருளையே கூர்மையாகக் காட்டும். அதன் முன் பாதியளவான வேறொரு வில்லையைப் பொருத்தினால், சட்டகத்தின் ஒரு பாதியில் அருகில் உள்ள முகமும் மறு பாதியில் தொலைவில் உள்ள மனிதர்களும் ஒருசேரக் கூர்மையாகத் தெரிவர். இரு பாதிகளும் சந்திக்கும் இடம் மட்டும் சற்றே மங்கியிருக்கும். அதனைத் தூண் அல்லது சுவர் விளிம்பில் மறைப்பது வழக்கம்.

காசோலைக்கு உரியவரை வுட்வர்ட் தொலைபேசியில் அழைக்கும் காட்சி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வெட்டே இல்லாமல் ஏறத்தாழ ஆறு நிமிடம் நீளும் இக்காட்சியில், ஒளிப்படக்கருவி கண்ணுக்குத் தெரியாத மெதுவில் ரெட்ஃபோர்டின் முகத்தை நெருங்குகிறது. பின்னால் சக பணியாளர்கள் தொலைக்காட்சியைச் சுற்றிக் கூடி வேறொரு செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அன்றைய பெரிய செய்தி என்று அனைவரும் நினைத்தது பின்னால். உண்மையில் பெரிய செய்தி முன்னால், ஒரு மனிதரின் காதில். ரெட்ஃபோர்ட் இடையே ஒரு பெயரை மாற்றிச் சொல்லித் தடுமாறி, வேடத்திலிருந்து விலகாமலேயே திருத்திக்கொள்கிறார். அந்தத் தடுமாற்றம் அப்படியே படத்தில் வைக்கப்பட்டுள்ளது.

டேவிட் ஷயரின் இசை மிகக் குறைவாகவே ஒலிக்கிறது. தட்டச்சுப் பொறிகளும் தொலைபேசி மணிகளுமே பெரும்பாலும் பின்னணி. தாம் ஒட்டுக்கேட்கப்படுவதாக அஞ்சும் வுட்வர்ட், இசைத்தட்டின் ஒலியை உயர்த்திவிட்டு, சொல்ல வேண்டியதைத் தட்டச்சு செய்து பெர்ன்ஸ்டீனுக்குக் காட்டும் இடத்தில் இசை பேச்சை மறைக்கும் திரையாகவே பயன்படுகிறது.

படமும் வரலாறும்

படத்தில் வருவன பெரும்பாலும் நடந்தவையே. ஆயினும் நடந்தவை அனைத்தும் படத்தில் இல்லை. மாணவர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் நன்று.

செய்தி அறையில் வாட்டர்கேட் பணியை நாள்தோறும் நெறிப்படுத்திய நகரச் செய்தி ஆசிரியர் பேரி சஸ்மன் படத்தில் இடம்பெறவே இல்லை. அவருடைய பங்கு மற்ற ஆசிரியர்களின் பாத்திரங்களுக்குள் கரைந்துவிட்டது. இதழின் உரிமையாளரும் வெளியீட்டாளருமான கேத்தரின் கிரகாமும் திரையில் தோன்றுவதில்லை. அவர் பெயர் ஓரிடத்தில் பேச்சில் அடிபடுவதோடு சரி. அரசின் சினத்துக்கு ஆளாகி, நிறுவனத்தின் எதிர்காலத்தையே பணயம் வைத்தவர் அவர். செய்தியாளர் இருவர் தம் வேலையை இழந்திருக்கலாம். அவர் இழக்கக் கூடியது ஒரு நாளிதழை. இக்குறை, கிரகாமை மையமாகக் கொண்டு ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய த போஸ்ட் (2017) படத்தால் ஓரளவு ஈடு செய்யப்பட்டது. அப்படம் வாட்டர்கேட்டுக்கு ஓராண்டு முந்தைய பென்டகன் ஆவணங்கள் விவகாரத்தைச் சொல்லி, வாட்டர்கேட் உடைப்புக் காட்சியோடு முடிகிறது.

இரு செய்தியாளர்களே நிக்சனை வீழ்த்தினர் என்ற எண்ணம் பரவியதற்கும் இப்படம் ஒரு காரணம். நீதிபதி ஜான் சிரிக்கா, மேலவையின் விசாரணைக் குழு, சிறப்பு வழக்கறிஞர்கள், கூட்டரசுப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. ஆகியோரின் பங்கு இன்றி அது நடந்திராது. நிக்சன் தம் அலுவலக உரையாடல்களைப் பதிவு செய்து வந்தார் என்பது 1973 சூலையில் மேலவைக் குழுவின் முன் வெளிப்பட்டது. அந்த ஒலிநாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1974 சூலை 24 அன்று எதிர்ப்பின்றித் தீர்ப்பளித்தது. இவற்றுள் எதுவும் படத்தின் கால எல்லைக்குள் வராதவை.

தகவலாளர் யார் என்பது முப்பதாண்டுகளுக்கும் மேலாக மறைபொருளாக இருந்தது. 2005 இல், அவர் எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் நிலை அதிகாரியாக இருந்த மார்க் ஃபெல்ட் என்பது வெளியாயிற்று. ஹால் ஹோல்புரூக் நடித்த அந்தப் பாத்திரம் படத்தில் அறநெறி உணர்வின் நிழலுருவாகவே தோன்றுகிறது. உண்மை மனிதர் அத்தனை எளியவர் அல்லர். நிறுவனத்தின் தலைவர் ஹூவர் 1972 மே மாதம் இறந்தபின், அப்பதவி ஃபெல்டுக்குக் கிட்டாமல் வெளியாள் ஒருவருக்குப் போனது. தீவிர இடதுசாரிக் குழு ஒன்றைத் தேடும் பணியில் நீதிமன்ற ஆணையின்றி வீடுகளுக்குள் புக அனுமதி அளித்ததாக 1980 இல் அவரே குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். 1981 இல் குடியரசுத் தலைவர் ரேகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். சட்டவிரோதமாக உட்புகுந்த ஒரு செயலை அம்பலப்படுத்த உதவியவர் அதே வகைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது எண்ணத்தக்கது. தகவலாளரின் நோக்கம் தூயதா என்பது வேறு, அவர் தரும் தகவல் உண்மையா என்பது வேறு. தகவலை வேறொருவர் வாயிலாகவும் உறுதி செய்யுமாறு ஆசிரியர் பென் பிராட்லி படம் நெடுக வற்புறுத்துவதன் பொருள் இதுவே.

விருதுகள்

எட்டு ஆஸ்கார் பரிந்துரைகளுள் நான்கு விருதுகள் கிடைத்தன: துணை நடிகர் (பிராட்லியாக நடித்த ஜேசன் ரோபார்ட்ஸ்), தழுவல் திரைக்கதை, கலை இயக்கம், ஒலி. சிறந்த படத்துக்கான விருது அவ்வாண்டு ராக்கி படத்துக்குச் சென்றது. தேர்தல் குழுவின் கணக்கராகச் சில நிமிடங்களே தோன்றும் ஜேன் அலெக்சாந்தரும் பரிந்துரைக்கப்பட்டார். பேச அஞ்சியும் பேசாதிருக்க மாட்டாமலும் அவர் பெயர்களின் முதலெழுத்துகளை மட்டும் உதிர்க்கும் காட்சியைக் கண்டோர்க்கு இது வியப்பளிக்காது. 2010 இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது.

வீட்டுப் பதிப்புகள்

வார்னர் நிறுவனம் இதனை முதலில் ஒளிநாடாவாகவும் லேசர் வட்டாகவும் வெளியிட்டது. ஒளிநாடாவின் கிடைமட்டத் தெளிவு ஏறத்தாழ 240 கோடுகள் மட்டுமே. வில்லிஸின் இருள் அதில் இருளாக நில்லாமல் புள்ளிகள் நெளியும் சாம்பல் நிறமாகிவிடும். வாகன நிறுத்தகக் காட்சிகள் பாதிக்கும் மேல் குரலாகவே எஞ்சும். தொலைபேசிக் காட்சியின் பின்புறத்தில் கூடும் மனிதர்களும் இறுதிக் காட்சியில் தொலைவில் தட்டச்சு செய்யும் இருவரும் வெறும் அசைவுகளாகச் சுருங்குவர். முன்னும் பின்னும் ஒருசேரத் தெரிவதில் பொருள் தங்கியிருக்கும் படத்துக்கு இது சிறிய இழப்பு அன்று.

முதல் டிவிடி 1997 இல் வந்தது. அது கூடுதல் பகுதிகள் இல்லாத எளிய பதிப்பு. 2006 பெப்ரவரியில் வெளிவந்த இரு வட்டுகள் கொண்ட சிறப்புப் பதிப்பே குறிப்பிடத்தக்கது. ஃபெல்டின் பெயர் வெளிப்பட்டபின் வந்த முதற் பதிப்பு என்பதால், மறைந்திருந்த மனிதரைப் பற்றிய ஆவணப் பகுதி ஒன்றும் அதில் இடம்பெற்றது. படம் உருவான விதம், வுட்வர்ட் - பெர்ன்ஸ்டீன் பணியின் தாக்கம் ஆகியவை பற்றிய பகுதிகளும் ரெட்ஃபோர்டின் உரைவிளக்கமும் உடன் உள்ளன. 1998 இல் விபத்தில் இறந்துவிட்ட பக்கூலாவின் விளக்கம் கிடைக்க வழியில்லாமற் போனமையால், படத்தை முன்னெடுத்தவரின் குரலாக இவ்வுரைவிளக்கத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ரெட்ஃபோர்டும் 2025 செப்டம்பர் 16 அன்று காலமானார்.

டிவிடி வாங்குவோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். ஐரோப்பா, இந்தியா, இலங்கை ஆகிய இடங்களில் வழங்கிய பால் முறை வட்டுகளில், நொடிக்கு 24 சட்டகங்களாக எடுக்கப்பட்ட படம் 25 சட்டகங்களாக ஓட்டப்படுவது வழக்கம். ஆகவே 138 நிமிடப் படம் ஏறத்தாழ 132 நிமிடங்களில் முடிந்துவிடும். உறையில் குறைந்த நேரம் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு தணிக்கையில் ஏதோ வெட்டப்பட்டது என ஐயுற வேண்டியதில்லை. எதுவும் வெட்டப்படவில்லை, எல்லோரும் சற்று வேகமாகப் பேசுகின்றனர், அவ்வளவே.

2011 பெப்ரவரியில், படத்தின் 35 ஆம் ஆண்டையொட்டி, சிறு நூல் வடிவ உறையுடன் ப்ளூ-ரே வட்டு வெளியாயிற்று. இதன் 1080 கோடுகளில்தான் செய்தி அறையின் ஆழம் வீட்டுத் திரையில் முதன்முறையாக முழுமையாகத் தெரிந்தது. மேசை மேசையாக அடுக்கப்பட்ட தாள்களையும் பின்வரிசையில் நடமாடுவோரின் முகங்களையும் காணலாம். பாதி வில்லை பயன்பட்ட இடங்களில் மங்கலான அந்த இணைப்புக் கோட்டையும் கூர்ந்து நோக்கினால் கண்டுகொள்ளலாம். எந்தப் பதிப்பானாலும் வாகன நிறுத்தகக் காட்சிகளை அறை விளக்கை அணைத்துவிட்டுக் காண்பதே தக்கது. விளக்கு எரிந்தால் ஹோல்புரூக்கின் முகத்துக்குப் பதில் பார்ப்பவர் முகமே கண்ணாடியில் தெரியும்.

2013 இல் ரெட்ஃபோர்ட் பங்கேற்ற ஆல் த பிரெசிடென்ட்ஸ் மென் ரீவிசிட்டட் என்ற ஆவணப்படம் டிஸ்கவரி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. படம் நின்ற இடத்திலிருந்து ஒலிநாடாக்கள், மேலவை விசாரணை, பதவி விலகல் ஆகியவற்றை அது எடுத்துரைக்கிறது. பின்னர் அதனையும் இணைத்து ப்ளூ-ரே பதிப்பு வெளியிடப்பட்டது. செய்தி அச்சுப்பொறி இரண்டு நிமிடங்களில் அடித்து முடித்த தலைப்புகளின் விரிவை அறிய விரும்புவோர், படத்தை முடித்த கையோடு இவ்வட்டைப் பார்க்கலாம்.